இரண்டாவது சாட்சி

சம்மன் கொண்டுவந்த ஏட்டு, முதல் நாள் ஆண்டாயியை வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆண்டிமடம் பக்கத்தில் அவள் கொட்டை உடைக்கிற கொட்டகைக்கே வந்துவிட்டார். சித்திரை வெயில் தகரக் கூரையில் இறங்கி உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் டிரம்மில் முந்திரிக்கொட்டை வறுத்தார்கள். கொட்டையிலிருந்து வடிகிற எண்ணெய் தீப்பிடித்து, கரும்புகை காற்று திரும்பும்போதெல்லாம் உள்ளே வந்தது. பெண்கள் கைக்குச் சாம்பலைப் பூசிக்கொண்டு, வரிசையாகக் குந்தியிருந்து, கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு சாம்பல் பூசினாலும் கொட்டைப்பால் விரலை அரிக்காமல் விடாது. ஏட்டு நீட்டிய காகிதத்தில் ஆண்டாயி பெருவிரலை வைத்தபோது தோல் உரிந்திருந்த விரலில் ரேகையே விழவில்லை. மையைத் தடவித் தடவி மூன்றாம் தடவை ஏதோ ஒரு கறை விழுந்தது.

"போதும் வுடு," என்றார் ஏட்டு. "இந்தா பாரும்மா. முதல் சாட்சி ஒன் கொழுந்தன். அவன் கவுத்துட்டான். இனிமே நீதான் கேசே. ஒழுங்கா வந்து பாத்ததைச் சொல்லு."

"சொல்லத்தான் நாலு வருசமா காத்துகிட்டு இருக்கன்," என்றாள் ஆண்டாயி.

அவர் போனபிறகு பக்கத்தில் இருந்தவள், "என்னாக்கா, கேசு வந்துருச்சா?" என்று கேட்டாள். ஆண்டாயி தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தாள்.

செந்துறைக்குத் தெற்கே இருக்கிற தன் ஊரை விட்டு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வேலைக்கு வர அவளுக்கு என்ன தலையெழுத்து? அந்த ஊரைச் சுற்றி முந்திரிக்காடுதான். பங்குனி பிறந்தால் காலனிப் பெண்கள் விடியுமுன்னே கூடையோடு கொட்டை பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆண்டாயியை யாரும் கூப்பிடுவதில்லை. காடெல்லாம் ராஜதுரைக்கோ அவன் சொந்தக்காரர்களுக்கோ சொந்தம். அவள் மகனைக் கொன்றவன் ராஜதுரை.

மகன் பேர் அறிவழகன். சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர் ஏரியில் ராஜதுரை இரவும் பகலும் மண் எடுத்து விற்றான். ஏரி ஏரியாக இல்லாமல் கிணறு மாதிரி ஆகி, காலனி ஆடு இரண்டு அதில் விழுந்து செத்தன. அறிவழகன் திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தான். அதிகாரிகள் வந்து இரண்டு லாரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே ஏரிக்கரையில் ராஜதுரையும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் அவனை மறித்து, வேனிலிருந்து இழுத்துப் போட்டு, இரும்புக் குழாயால் அடித்தார்கள். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்த ஆண்டாயியும் அவள் கொழுந்தன் கலைச்செல்வனும் கரைக்குக் கீழே இருந்தார்கள். அவள் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு மேலே ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகன் தலையை மடியில் வைத்தபோது அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அம்மா என்றானா, தண்ணி என்றானா, இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

*

வாய்தாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அரசு வக்கீல் பாலசுந்தரம் அவளை அரியலூர் கோர்ட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். மகள் சத்யப்பிரியாவும் கூட வந்தாள். அரியலூரில்தான் நர்சிங் படிக்கிறாள். அன்றைக்கு வகுப்புக்குப் போகாமல் அம்மாவோடு வந்துவிட்டாள்.

"ஒரு விசயத்துல நாம குடுத்து வச்சவங்கம்மா," என்றார் பாலசுந்தரம். "இந்த ஜட்ஜ் வந்தது. ராஜதுரை ஜாமீனை ரத்து பண்ணாரே, அப்ப எங்கெங்கேருந்து ஆள் வந்து பாத்தாங்க தெரியுமா? யாரையும் வாசப்படி ஏத்தலை. கல்யாணம், காதுகுத்து, கோயில் மரியாதை எதுக்கும் போவ மாட்டாரு. போனா நாளைக்கு அந்த ஆளே குத்தவாளியா வந்து நிப்பாம்பாரு. காலையில தனியா நடப்பாரு, தனியா சாப்புடுவாரு."

"அவருக்கு மேல ஆளு இல்லீங்களா சார்? மந்திரி, கலெக்டரு?"

"தீர்ப்பு எழுதறப்ப யாரும் மேல கெடையாதும்மா. கலெக்டரு சொல்ல முடியாது, எஸ்.பி. சொல்ல முடியாது, மந்திரி சொல்ல முடியாது. ஹைகோர்ட்டே கூட, எழுதி முடிச்சப்பறம் தப்புன்னா மாத்தலாம், முன்னாடியே இப்படி எழுதுன்னு சொல்ல முடியாது. சட்டம் அப்படித்தான் அவரைத் தனியா ஒக்கார வச்சிருக்கு. ஆனா ஒண்ணு. ராஜதுரைதான் கொன்னான்னு ஊரு பூரா பேசுனாலும், அவருக்கே மனசுல பட்டாலும், அதை வச்சு எழுத முடியாது. கூண்டுல ஏறி யாராவது நான் பாத்தேன்னு சொல்லணும்."

"எங்கம்மா சொல்லும் சார்," என்றாள் சத்யப்பிரியா.

திரும்பி வரும்போது ஆண்டாயிக்கு மனசு லேசாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மகளுக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவள் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஜட்ஜ் ஒருத்தருக்குப் பயமில்லை. நாலு வருசத்தில் பயமில்லாத ஆள் ஒருத்தரைப் பற்றி அவள் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான்.

*

வீட்டில் அவள் புருசன் அரியமுத்து உலை வைத்திருந்தார். கட்டட வேலைக்குப் போகிற ஆள், அன்றைக்குப் போகவில்லை. முருங்கைக்கீரையை உருவிப்போட்டுவிட்டு, கருவாட்டை அலசாமல் அப்படியே சட்டியில் வைத்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

"என்னா ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள்.

"ஒம்மவள கேளு. நேத்து பஸ்ஸுல யாரு பக்கத்துல வந்து ஒக்காந்தான்னு கேளு. எங்கிட்ட ராத்திரி சொன்னா. ஒங்கிட்ட சொல்லல."

சத்யப்பிரியா துப்பட்டாவை மடித்துக்கொண்டே, "அது ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "ராஜதுரையோட மாமனாரு. முத்துசாமின்னு, வெள்ளை வேட்டி கட்டிகிட்டு வருவாரே, அவருதான்."

"என்னா சொன்னான்?"

"மரியாதையாத்தான் பேசனாரு. காலேஜு நாலரைக்கே வுட்டுடறாங்க, நீ அப்பறம் லைப்ரரிக்குப் போற, பொழுது சாய பஸ் ஏறுற, செந்துறையில எறங்கி ஒத்தையில நடந்து வர. காலம் கெட்டுக் கெடக்கு, பாத்து இரும்மான்னாரு. ஒங்கம்மாவ கேட்டன்னு சொல்லுன்னாரு. கண்டக்டரு வந்தப்ப எனக்கும் சேத்து அவரே டிக்கெட் எடுத்துட்டாரு."

ஆண்டாயி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"போலீசுல சொல்லலாம்," என்றாள் சத்யப்பிரியா.

"என்னான்னு சொல்லுவ?" அரியமுத்து கத்தினார். "டிக்கெட் எடுத்தான்னு சொல்லுவியா? பாத்துப் போன்னு சொன்னான்னு சொல்லுவியா? அதுக்கு எந்தச் சட்டத்துல புடிப்பான்?"

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து கலைச்செல்வன் வந்தான். போன வாய்தாவில் கூண்டில் ஏறி எதையும் பார்க்கவில்லை என்று சொன்ன நாளிலிருந்து அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போதும் உள்ளே வராமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, நான் சொல்றன்னு கோவப்படாத."

"ஒனக்கு என்னாடா பேச்சு இங்க? தூக்கி வளத்த புள்ளைய பாக்கவே இல்லன்னு சொன்னவன்தான நீ?"

"சொன்னன். சொல்லிட்டு வந்து சோறு திங்க முடியல. அது வேற. ஆனா எம்பொண்டாட்டி இன்னைக்குக் காட்டு வேலைக்குப் போறா. எம்புள்ள ரோட்டுல பயமில்லாம போறான். அறிவு செத்துட்டான் அண்ணி. நீ என்னா சொன்னாலும் அவன் எழுந்து வரப்போறதில்ல."

"காலனியில நாலு பேரு எங்கிட்டயே வந்து கேட்டாங்க," என்றார் அரியமுத்து. குரல் இறங்கிவிட்டது. "ஒங்க கேசால எங்களையும் பாதிப் பேர வேலைக்குக் கூப்புட மாட்டங்குறாங்க, எத்தினி நாளைக்குத்தான்னு. நான் என்னா பதில் சொல்லுவன்?"

"நீ என்னா சொல்ற? நீ சொல்லு. பெத்தவன்தான நீ?"

அரியமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு ஒண்ணுதான் மீதி இருக்கு," என்றார். அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

"அப்பா, என்னைய சாக்கு வச்சு யாரும் பொய் சொல்ல வேணாம்," என்றாள் சத்யப்பிரியா. அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அம்மா, நீ சொல்லு. நான் ஆஸ்டல்ல கூட சேந்துக்கறன். அண்ணனுக்காவ சொல்லு. நானும் கோர்ட்டுக்கு வரன். நான் பின்னால ஒக்காந்திருக்கன், நீ என்னையப் பாத்துகிட்டே சொல்லு."

கீரை தீய்ந்து வாடை வந்தது. யாரும் எழுந்து போய் இறக்கவில்லை. கடைசியில் கலைச்செல்வன்தான் உள்ளே வந்து, துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

*

திங்கட்கிழமை காலையில் கோர்ட்டில் கூட்டம். வரப்புத் தகராறு, வாகன விபத்து, விவாகரத்து என்று ஆளாளுக்கு ஒரு கட்டைச் சுமந்துகொண்டு வராந்தாவில் நின்றார்கள். ஆண்டாயியின் பேரை டவாலி மூன்று தடவை கூப்பிட்டார். முதல் தடவையே அவள் எழுந்துவிட்டாள், கால்தான் நகரவில்லை.

ஜட்ஜ் ஒல்லியான மனுசர். அவள் நினைத்த மாதிரி அதட்டுகிற ஆள் இல்லை. கூண்டில் ஏறும்போது படியில் அவள் தடுமாறியதைப் பார்த்து, "மெதுவா ஏறுங்கம்மா," என்றார். சத்தியப்பிரமாணம் சொன்னபிறகு, "நிக்க முடியலைன்னா ஒக்காந்துக்கலாம்," என்றார். அவள் நின்றாள்.

ராஜதுரை வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி தரையைப் பார்த்து நின்றான். ஒருதரம் கூட அவளை முறைக்கவில்லை.

பாலசுந்தரம் கேட்டார். "அறிவழகன் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"மவங்க."

"அவர் உயிரோட இருக்காரா?"

"இல்லீங்க."

"அவர் இறந்த அன்னைக்கு மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

ஆண்டாயி மகளைத் தேடினாள். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், சத்யப்பிரியா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சொல்லு என்பது போலத் தலையை அசைத்தாள். ஆண்டாயி வாயைத் திறந்தாள். அப்போதுதான் முத்துசாமி கதவோரமாக உள்ளே வந்தார். வெள்ளை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, காலியாக இருந்த பெஞ்சுகளையெல்லாம் தாண்டிப் போய், சத்யப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து ஜட்ஜைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவ்வளவுதான். ஒரு வயசான ஆள் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

"எங்கம்மா இருந்தீங்க?"

"வூட்டுல இருந்தங்க."

பாலசுந்தரம் கையிலிருந்த காகிதத்தை இறக்கினார். "என்ன சொன்னீங்க?"

"காய்ச்சலுங்க. வூட்டுல படுத்திருந்தன்."

பெஞ்சிலிருந்து "அம்மா!" என்று சத்தம் வந்தது. டவாலி வாயில் விரலை வைத்து அதட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கப் பார்த்தார். ஜட்ஜ் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

"அம்மா, அவசரம் இல்ல," என்றார். "தண்ணி குடிங்க." டவாலி கொண்டுவந்த தண்ணீரை அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ராஜதுரையையும் அவன் ஆட்கள் இரண்டு பேரையும் போலீஸ் காவலில் வராந்தாவில் நிறுத்தச் சொன்னார். "வேடிக்கை பாக்க வந்தவங்க எல்லாரும் வெளியில போங்க. ரெண்டு பக்கத்து வக்கீல்கள் மட்டும் இருங்க. கதவைச் சாத்துங்க."

பெஞ்சுகள் காலியாயின. சத்யப்பிரியா போக மனசில்லாமல் கடைசியாக எழுந்து போனாள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற முத்துசாமி, அவள் பின்னாலேயே போனார். டவாலி கதவைச் சாத்தினார்.

"இப்ப இங்க யாரும் இல்லம்மா," என்றார் ஜட்ஜ். நிஜமாகவே கரிசனமான குரல். "உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

ஆண்டாயி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாருங்க. யாராவது பயமுறுத்தியிருந்தா சொல்லுங்க. இன்னைக்கே உங்க வீட்டுக்குப் பாதுகாப்பு போட உத்தரவு போடுவேன். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. அதை எவரும் தடுக்க முடியாது. நீங்க பயப்பட வேண்டாம். நான் யாருக்கும் பயப்படறவன் இல்ல."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் பொய் இல்லை. இவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போலீஸ் வரும், வாசலில் நாற்காலி போட்டு உட்காரும். ஒரு மாசம் உட்காரும், இரண்டு மாசம் உட்காரும். இவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகும். முத்துசாமி அதே பஸ்ஸில்தான் வருவார். அதற்கெல்லாம் முன்னால், இப்போது, இந்த நிமிசம், கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை எங்கே நிற்கிறாள்?

"கதவத் தொறக்கச் சொல்லுங்கய்யா," என்றாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னால..."

"யாரும் மெரட்டலைங்கய்யா. நான் பாக்கலைங்க. கதவத் தொறக்கச் சொல்லுங்க."

பாலசுந்தரம் அருகில் வந்தார். "கேசு போட்டப்ப மாஜிஸ்திரேட்டு முன்னாடி சத்தியம் பண்ணிச் சொன்னீங்களே, எம்மவன் தலையை மடியில வச்சிருந்தேன்னு. அது பொய்யா?"

"போலீசு சொல்லச் சொன்னாங்க. சொன்னன்."

"பொய் சாட்சி சொன்னா உங்களையே தண்டிக்கலாம், தெரியுமா?" என்றார் ஜட்ஜ்.

"தெரியுங்க. போடுங்கய்யா. உள்ள போடுங்க." அந்த ஒரு பதிலை மட்டும் அவள் முழு மனசோடு சொன்னாள்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்க சொல்றதைப் பதிவு பண்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா," என்றார். டைப் அடிக்கிற பெண் அடிக்க ஆரம்பித்தாள்.

கதவு திறந்ததும் ஆண்டாயி ஓடினாள். வராந்தா முழுக்கத் தேடினாள். கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் சத்யப்பிரியா தனியாக நின்றுகொண்டிருந்தாள். முத்துசாமி தூரத்தில் டீக்கடை பெஞ்சில், யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆண்டாயி மகளின் கையைப் பிடித்து, தோளைத் தடவி, முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

சத்யப்பிரியா கையை விலக்கிக்கொண்டாள். "கதவைச் சாத்துனப்பறமாவது சொன்னியாம்மா?" என்று கேட்டாள்.

*

ஆடி மாசம் தீர்ப்பு வந்தது. மூன்று பேரும் விடுதலை. பாலசுந்தரம் போனில் கூப்பிட்டு அரியமுத்துவிடம் படித்துக் காட்டினார். ஒரு தாய் தன் மகன் செத்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எது அவரைக் கட்டாயப்படுத்தியது என்று இந்த நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயன்றும் முடியவில்லை என்று ஜட்ஜ் எழுதியிருந்தாராம். "ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்காரு," என்றார் பாலசுந்தரம். அரியமுத்து, "சரிங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டது. ஆட்டைப் பிடித்துக் கட்ட ஆண்டாயி வெளியே ஓடினாள்; வெடிக்குப் பயந்து ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது.

சத்யப்பிரியா ஆஸ்டலில் சேர்ந்தாள். அப்பாவோடு மட்டும் போனில் பேசுவாள். படிப்பு முடிந்து திருச்சியில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபோதும் ஊருக்கு வரவில்லை. அவள் பத்திரமாக இருந்தாள்.

தை மாசத்தில் ஒருநாள், காலனியில் ஒரு காதுகுத்துக்கு வந்திருந்த ஒரு பெண் ஆண்டாயியைத் தேடி வந்தாள். பேர் வெற்றிச்செல்வி, வாலிகண்டபுரம் பக்கம். முப்பது வயசு இருக்கும். கட்டியிருந்தது புதுச்சேலை, நெற்றி வெறுமையாக இருந்தது.

"எஞ்சித்தி இந்தத் தெருதான் பெரியம்மா. அதுதான் ஒங்கள போயிப் பாருன்னுச்சு," என்றாள். உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தாள். "போன வருசம் பருத்திக்காட்டுல வச்சு எங்கூட்டுக்காரர வெட்டிட்டாங்க. நான் பக்கத்துலதான் பருத்தி எடுத்துகிட்டு இருந்தன். நான்தான் சாட்சி. பெரம்பலூரு கோர்ட்டுல கேசு."

ஆண்டாயி செம்பில் தண்ணீர் மொண்டு அவள் பக்கம் வைத்தாள்.

"அங்க புதுசா வந்திருக்க ஜட்ஜய்யா, அரியலூர்லேருந்து மாத்தலாயி வந்தவராம். ஒங்க கேசு பாத்தவரு. அதான் கேக்க வந்தன். ஊர்ல என்னென்னமோ சொல்றாங்க. காசு வாங்கிருவாரு, பெரிய எடத்துக்குப் பயந்துருவாரு, நீ சொல்லி என்னா ஆவப்போவுதுன்றாங்க. நீங்க நேர்ல பாத்திருக்கீங்க. அவரு நல்லவருங்களா?"

"நல்லவரு," என்றாள் ஆண்டாயி. "யாருக்கும் பயப்பட மாட்டாரு. காசுக்கும் மசிய மாட்டாரு. நம்மள மாதிரி ஆளயும் ஒக்காரச் சொல்லித் தண்ணி குடுத்துக் கேப்பாரு."

வெற்றிச்செல்விக்கு முகம் தெளிந்தது. "அப்ப நம்பிச் சொல்லலாங்களா பெரியம்மா?"

ஆண்டாயி அந்த முகத்தையே பார்த்தாள். வெளியே காதுகுத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஒனக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணுங்க. எட்டாவது படிக்கிறா."

"பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போறா?"

"பஸ்ஸுலதாங்க," என்றாள் வெற்றிச்செல்வி. "ஏங்க?"